பொன்னுக்கு வீங்காத கழுத்து

பேரப்பிள்ளைகள் கொஞ்சம் கரகரப்பாகப் பேசினால் போதும், நான் கரண்டியோடு வந்து நிற்பேன். "ஆ காட்டு" என்பேன். என்னைக் கண்டதும் வாயை இறுக்க மூடிக்கொள்கிற பிள்ளைகளும் உண்டு. கரண்டிக் காம்பால் நாக்கை அமுக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, தொண்டையின் இரண்டு பக்கமும் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும். பார்த்த பிறகும் முழுதாக வராது. மறுநாள் காலையில் இன்னொரு தரம் பார்ப்பேன்.

இந்தப் பழக்கம் ஜப்பான்காரன் காலத்தில் பிடித்தது. அப்போது நாங்கள் மலாயாவில், கோலா கெத்திலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், இருந்தோம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய்விட்டார். ரப்பர் பால் வாங்க ஆளில்லை. கோப்பைகள் மரத்திலேயே கவிழ்ந்து கிடந்தன. வீட்டுக்காரர் ஜப்பான்காரனின் ரோட்டு வேலைக்குப் போவார். நான் மேட்டில் மரவள்ளி நட்டு மண் அணைப்பேன். களைப்பாக இருக்கிறது என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. உடுத்தியிருந்த சாக்குத் துணி மாதிரி அது எல்லார் உடம்பிலும் இருந்தது, அதைப் போய் என்ன சொல்வது?

மகளுக்கு அப்போது ஆறு வயது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் அவள் காதுத் தோட்டைக் கழற்றியிருந்தோம். குண்டுமணி அளவுத் தங்கம். வீட்டுக்காரர் அதை டவுனில் ஒரு தவுக்கே, சீன முதலாளி, கடையில் கொடுத்து அரிசி வாங்கி வந்தார். காது தூர்ந்துவிடக் கூடாதென்று ஓட்டையில் விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்துச் செருகினேன். அவள் அழவில்லை. குச்சியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஒரு காலையில் அவள் கிழங்குத் தட்டைத் தள்ளிவிட்டாள். அந்தக் காலத்தில் தட்டைத் தள்ளுகிற பிள்ளை கிடையாது. நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. கழுத்தைத் தொட்டேன், "ஆ" என்று ஒதுங்கினாள். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது.

அடுத்த கதவு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் புருசனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் ரோட்டு வேலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தனியாக இருந்தார். வாய் மட்டும் நாலு பேருக்குப் பேசும். மூக்கில் சிவப்புக் கல் வைத்த ஒரு மூக்குத்தி. லயத்திலேயே அன்றைக்கு மின்னிய பொருள் அது ஒன்றுதான்.

"ஏண்டி, கழுத்தப் பாரு, ரெண்டு பக்கமும் புசுபுசுன்னு. பொன்னுக்கு வீங்கிடி இது."

"நெசமாவாக்கா?"

"பின்ன, நான் என்ன ஜப்பான் பாஷையா பேசுறேன்? புள்ள காதுல கெடந்ததக் கழட்டி வாயில போட்டீங்கல்ல, புருசனும் பொண்டாட்டியும்? புள்ள ஏங்காதா? பொன்னுக்கு ஏங்கித்தான் வீங்குது."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்தச் சொல் நெஞ்சில் போய்க் குத்தி நின்றுகொண்டது. பொன்னுக்கு வீங்கி. ஊரில் உள்ள எல்லாரும் சொல்கிற பெயர், நானும் சிறு வயதில் பட்டு எழுந்த நோய். என் கழுத்தில் அப்போது சங்கிலி போட்டார்கள், ஒரு வாரத்தில் வற்றிவிட்டது. ஆனால் என் மகள் விஷயத்தில் அது வெறும் பெயராகவே எனக்குப் படவில்லை. என்னைப் பார்த்துச் சொன்ன குற்றமாகப் பட்டது. பிள்ளையின் பொன்னை எடுத்துத் தின்றவள் நான். அதனால் பிள்ளை கழுத்து வீங்குகிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இதைவிடத் தெளிவாக ஒரு கணக்கு வராது.

பொன்னுக்கு வீங்கி என்றால் செய்ய வேண்டியது எல்லாருக்கும் தெரியும். கழுத்தில் பொன் போட வேண்டும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூச வேண்டும். அது அம்மையில் சேர்த்தி, அதனால் மருந்து மாத்திரை கூடாது. பிள்ளையை வெளியே தூக்கிப் போகவும் கூடாது.

வேப்பிலை இருந்தது. பொன்னுக்கு எங்கே போவது? என் தாலிக் கயிற்றிலேயே மஞ்சள் துண்டுதான் தொங்கியது. லயம் லயமாக ஏறி இறங்கினேன். ஒரு நாளைக்கு மட்டும் கொடுங்கள், பிள்ளை கழுத்தில் பட்டால் போதும் என்று கேட்டேன்.

"பொன்னா?" என்றார் ஒரு பெரியவர். "என் வாயில ஒரு பல்லு மிச்சமிருக்கு. தங்கப் பல்லு இல்ல. வேணும்னா புடுங்கிக்கிட்டுப் போ தாயி."

சிலர் கதவைத் திறக்கவில்லை. இருக்கிறவர்கள் மண்ணில் புதைத்திருந்தார்கள். இருப்பதாகச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. மத்தியானம் வெறுங்கையோடு திரும்பி வந்து பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா வாசலில் நின்று என்னையே பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்குத்தியைக் கழற்றினார். முந்தானையில் நெடுநேரம் துடைத்தார்.

"இந்தா. நூல்ல கோத்துக் கட்டு. தொலைச்சே, உன் மூக்க அறுத்துடுவேன்."

அவர் மூக்கு ஓட்டையிலும் அன்றைக்கு ஒரு விளக்குமாற்றுக் குச்சி ஏறியது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். காலைக்கூடக் கழுவாமல் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார்.

"தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர்கிட்ட காட்டலாமே."

"அம்மா வந்திருக்கிற வீட்டுல மருந்துப் பேச்சு பேசாதீங்க."

"அம்மா வந்திருக்கான்னு யாரு சொன்னா? அம்மாவே வந்து சொன்னாளா, பக்கத்து வூட்டம்மா சொன்னாளா?"

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதற்கு மேல் அவர் சண்டை பிடிக்கவில்லை. நாள் முழுக்கக் கல் உடைத்தவருக்கு அதற்குச் சக்தி ஏது? அப்படியே சுவரில் சாய்ந்து உறங்கிவிட்டார்.

மூன்று நாள் அப்படிப் போனது. மேட்டு வேலைக்குப் போகாமல் பிள்ளையோடு இருந்தேன். விழுங்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தாள். அப்புறம் விழுங்குவதையே நிறுத்தி எச்சிலை ஒழுகவிட்டாள். சூடான கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி அவள் பேச்சு குழறியது. மூச்சில் ஒரு நாற்றம் வந்தது. வாயைத் திறந்தபடி குறட்டை விட்டு உறங்கினாள். நான் மஞ்சள் பூசினேன். மூக்குத்தி கழுத்தின் நடுவில் இருக்கிறதா, பக்கத்தில் நகர்ந்துவிட்டதா என்று பார்த்தேன். தோடு விற்ற தவுக்கே அதை இன்னும் வைத்திருப்பானா, காலில் விழுந்தால் கொடுப்பானா என்று யோசித்தேன். கழுத்தை நூறு தரம் தொட்டுப் பார்த்திருப்பேன். வாயைத் திறந்து ஒரு தரம் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் என் கை கூசுகிறது.

நான்காம் நாள் காலையில் ஒரு வாய் தண்ணீர் புகட்டினேன். அது மூக்கு வழியாக வந்தது. பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. அதுவரைக்கும் நான் மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீ வர்றியா, இல்ல அந்த வேப்பிலைக்குக் காவ இருக்கியா?"

நடந்தேன். பாதி வழியில்தான் கையில் வேப்பிலைக் கொத்தைப் பிடித்துக்கொண்டே வருவது தெரிந்தது. போடவும் மனமில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆஸ்பத்திரி என்று சொல்ல ஒன்றுமில்லை. இரும்புக் கட்டில்களை ஜப்பான்காரன் ஏற்றிப் போய்விட்டான். மருந்து கொடுக்கிற டிரசரய்யா மட்டும் இருந்தார். முன்னால் ஊசி போட்ட இடத்தில் கேழ்வரகு காயப்போட்டிருந்தார். ஒட்டுப் போட்ட காக்கிக் கால்சட்டை. எங்களைக் கண்டதும் கையில் ஒட்டியதை உதறிக்கொண்டு எழுந்தார்.

"என்னம்மா, மஞ்சளத் தடவி அம்மன் செலையா ஆக்கி வச்சிருக்கே?"

"பொன்னுக்கு வீங்கிங்கய்யா."

"வாயத் தொறந்து பாத்தியா?"

நான் கையிலிருந்த வேப்பிலைக் கொத்தைப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. திட்டினால் பதிலுக்கு அழலாம் என்று இருந்தேன். பிள்ளையை வாசல்படியில் வெயில் முகமாக உட்காரவைத்து, கரண்டிக் காம்பைக் கழுவி, நாக்கை அமுக்கினார்.

"ஆ சொல்லு கண்ணு. சத்தம் வரலேன்னா பரவால்ல. ஏம்மா, நீயும் வந்து பாரு. நாளைக்கி நான் இருக்கேனோ இல்லியோ, உனக்குத் தெரியணும்."

குனிந்து பார்த்தேன். உள்நாக்குக்கு இரண்டு பக்கமும் சிவந்து பழுத்த ஜம்புப் பழம் மாதிரி இரண்டு சதை, ஒன்றோடு ஒன்று முட்டப் பார்த்தன. அந்தச் சிவப்பின் மேலே அங்கங்கே வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"அரிசி ஒட்டியிருக்குங்கய்யா," என்றேன். நொய்யரிசி என்றே நினைத்தேன். அரிசியைக் கண்ணில் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது என்பதும் அப்போது நினைவில் இல்லை.

"அரிசி இல்லம்மா. சீழு." அவர் குரல் இறங்கிவிட்டது. "தொண்டைச் சதை இது. டான்சில்னு சொல்வோம். அது பழுத்துப்போச்சு."

பஞ்சை ஒரு குச்சியில் சுற்றி அந்த வெள்ளையை மெல்லத் துடைத்தார். அது வந்துவிட்டது. பஞ்சை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் ஒரு பயம் இருந்திருக்கிறது என்று அப்புறம்தான் புரிந்தது.

"நல்ல காலம். தொண்டை அடைப்பானா இருந்தா சாம்பக் கலர்ல தோலு மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கும், தொடச்சா ரத்தம் வரும். இது அது இல்ல."

பிறகு என் விரலைப் பிடித்துப் பிள்ளையின் கழுத்தில் வைத்தார். பொன்னுக்கு வீங்கி என்றால் காதுக்கு முன்னாலும் கீழேயும் வீங்கும், காது மடலைத் தூக்கிக் காட்டும், தாடையெலும்பே தடவத் தெரியாது. இவளுக்கு எலும்பு தெரிகிறது. அதற்குக் கீழே கோலிக்காய் மாதிரி உருளுகிறதே, அது தொண்டைப் புண்ணுக்குக் கட்டிய நெறி. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அந்த மாதிரி. அவர் சொல்லச் சொல்ல என் விரல் தடவிக்கொண்டே இருந்தது. மூன்று நாளாகத் தடவிய அதே இடம்தான்.

"கழுத்தே வீங்கிக் கெடக்கு, இதுல கயிறு வேறயா?" என்று நூலை அவிழ்த்தார். மூக்குத்தி இருந்த இடத்தில், மஞ்சளுக்கு மேலே, பச்சையாக ஒரு வட்டம். அவர் மூக்குத்தியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது எந்த ஊருப் பொன்னும்மா? பச்சக் கறை விடுது."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கு அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றது நினைவுக்கு வந்தது. பித்தளையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

டிரசரய்யா உள்ளே போய் ஒரு சிகரெட் டின்னைக் கொண்டுவந்தார். அடியில் கொஞ்சம் சல்பா மாத்திரை. பாதியாக உடைத்துக் காகிதத்தில் மடித்தார்.

"பாதிப் பேருக்குத் தொண்டப்புண்ணு ஓய்விலயும் உப்புத் தண்ணியிலயுமே ஒரு வாரத்துல ஆறிப்போகும். இவளுக்குக் காய்ச்சலும் விடல, தண்ணியும் எறங்கல. அதுக்காகத்தான் இதக் குடுக்கிறேன். பொடிச்சு, ஆறின மரவள்ளிக் கஞ்சித் தண்ணியில கலக்கி, சொட்டுச் சொட்டா விடு. இந்த மாத்திரைக்குத் தண்ணி நெறைய உள்ள போகணும். வெதுவெதுன்னு உப்புத் தண்ணி கொப்பளிக்க வை. ஒரு பக்கம் மட்டும் பெருத்து வாய் தொறக்க முடியாமப் போனாலோ, மூச்சு இழுத்தாலோ நிக்காத, சுங்கை பட்டாணி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு. ஆறின பொறவும் மூட்டு வலிக்குது, மூத்திரம் செவப்பாப் போவுதுன்னா என்கிட்ட வா. அவ கோப்பையில நீங்க குடிக்காதீங்க. பெரியவங்களுக்கும் ஒட்டிக்கிடும்."

வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் சிரித்தார். நாலு நாளில் அவர் சிரித்தது அது ஒரு தரம்தான்.

"மத்ததெல்லாம் சரிங்கய்யா. உப்புக்கு எங்க போவேன்? அதுக்குப் பொன்னே கெடைச்சிடும்."

உண்மைதான். நாங்கள் உப்பில்லாமல் சாப்பிட்டுப் பல மாதமாகியிருந்தது. உப்பு விற்கிறவன் ஒருத்தன் இருந்திருந்தால் ஊரே அவன் பின்னால் போயிருக்கும்.

லயத்துக்கு வந்ததும் அக்கா வாசலிலேயே நின்றார். முதலில் பிள்ளையின் கழுத்தைத்தான் பார்த்தார்.

"எங்கடி பொன்னு?"

"டிரசர் அவுக்கச் சொன்னாருக்கா. கழுத்த அழுத்துதாம். பத்திரமா முடிஞ்சிருக்கேன்."

"பாத்தாரா?"

"பாத்தாரு."

"என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவாரு? பொன்னுன்னாரு."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அப்ப நோவு என்னாவாம்?" என்று கேட்டார். சொன்னேன். உப்பு வேண்டும் என்றும் சொன்னேன். அவர் உள்ளே போய், பரணிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார். இரண்டு கருவாடு. புருசன் சயாமிலிருந்து வந்தால் சமைப்பதற்கென்று வைத்திருந்தது அது. லயத்தில் எல்லாருக்கும் அது தெரியும், யாரும் கேட்டதில்லை.

"வேணாங்க்கா. அண்ணனுக்குன்னு..."

"அவரு வர்றப்ப உப்பில்லாமத் தின்னுக்கட்டும். அடுப்பப் பத்த வை."

ஒரு கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டோம். அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, கொதிக்கவைத்து, ஆறவிட்டோம். பிள்ளை வாயருகே கொண்டுபோனதும் தலையைத் திருப்பிக்கொண்டாள். "நா..த்தம்," என்றாள் குழறி.

"நாறுனாத்தான்டி நோவு ஓடும்," என்றார் அக்கா. "விழுங்கிடாத. இங்க பாரு, ஜப்பான் லோரி மேட்டுல ஏறுது." அவர் ஒரு வாய் ஊற்றி, தலையை அண்ணாந்து, கர்ர்ர் என்று கொப்பளித்தார். லோரி ஏறியது, நின்றது, பின்னால் உருண்டது, மறுபடி ஏறியது. பிள்ளைக்குச் சிரிப்பு வந்து வலியில் அழுதாள். அப்புறம் அவளும் ஒரு லோரி ஓட்டினாள். முதல் லோரி கால்வாசி மேடுகூட ஏறவில்லை. அன்றைக்கு ஏழெட்டு லோரி ஓடியது.

அடுத்த இரண்டு நாள் எனக்கு வேறு வேலையில்லை. மாத்திரை, கஞ்சித் தண்ணீர், லோரி, கரண்டி. வெயிலில் வைத்துப் பார்ப்பேன், வெள்ளை குறைந்த மாதிரி இருக்கும். திரும்பப் பார்ப்பேன், கூடின மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவேன். "சமமாத்தான் இருக்கு. உன் புத்திதான் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு," என்பார்.

மூன்றாம் நாள் காலையில் அவள் தானே எழுந்து உட்கார்ந்தாள். உடம்பு வேர்த்துக் குளிர்ந்திருந்தது. கஞ்சியை நீட்டினேன். தொண்டை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மிடறு இறங்கியது. முகத்தைச் சுளித்தாள். இன்னொரு மிடறு இறங்கியது. கோப்பையைக் காலி செய்து, "இன்னும்," என்று நீட்டினாள். இன்னும் இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு நான் சுவரில் சாய்ந்தவள்தான், அக்கா வந்து உலுக்கும்வரைக்கும் எழவில்லை.

மூக்குத்தியைப் புளியால் தேய்த்துக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். "பத்திரமா இருக்கான்னு பாத்துக்கங்கக்கா," என்றேன். அவர் அதை வாங்கிப் பார்க்காமலே குச்சியை எடுத்துவிட்டு மூக்கில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் மேட்டில் மண் அணைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு எச்சில் விழுங்க முடியவில்லை. பிள்ளை மிச்சம் வைத்த கஞ்சித் தண்ணீரைக் கீழே ஊற்ற மனமில்லாமல் அவள் கோப்பையிலேயே நான் குடித்து வந்தேன். டிரசரய்யா சொன்னது காதில் விழுந்துதான் இருந்தது. பசிக்குக் காது கிடையாது. யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் வேலை செய்தேன். மூன்றாம் நாள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா வந்து என் தாடைக்குக் கீழே தொட்டுப் பார்த்தார்.

"உனக்குமாடி? உனக்கு நான் எங்க போவேன் பொன்னுக்கு? இருந்த பித்தளையும் மூக்குல போட்டுட்டேனே."

இருவரும் சிரித்தோம். சிரித்ததில் எனக்குத் தொண்டை கிழிகிற மாதிரி வலித்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒரு கருவாட்டை எடுத்துவரப் போனார்.

அதற்குள் என் மகள் கரண்டியோடு வந்து முன்னால் நின்றாள். காதில் அந்தக் குச்சிகள் அப்படியே இருந்தன.

"ஆ காட்டும்மா."

காட்டினேன். கரண்டிக் காம்பால் நாக்கை அமுக்கி, என் முகத்தை இரண்டு கையாலும் வெயிலுக்குத் திருப்பினாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அரிசி இருக்கும்மா," என்றாள்.